வாய் மூடாத நாரை

வாரத்தில் ஆறு நாள்
மேடவாக்கம் கூட்டுரோட்டில்
பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறேன்.
வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், இரண்டு குடை விளக்கு.
தோளை இறக்குங்க. காது தெரியணும்.
கண்ணாடியைக் கழட்டுங்க.
வாயை மூடுங்க, சிரிக்காதீங்க சார்,
ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க.

ஏழாம் நாள் பள்ளிக்கரணை.
ரேடியல் ரோட்டுக் கம்பிவேலியில் லென்சை நுழைத்து
யாரையும் எதுவும் சொல்லாமல் நிற்பேன்.
முதுகை உரசிப் போகும் தண்ணீர் லாரி.
காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பையின் புகை.
மார்கழிப் பனி இன்னும் கோரையை விட்டு இறங்கியிருக்காது.

நீலத் தாழைக்கோழி ஒன்று
கோரைத்தண்டை ஒற்றைக் காலில் பிடித்து
குச்சி ஐஸ்போலத் தின்னும்.
அது ஏறி நிற்கிற தண்டு மெல்ல வளையும்.
ஐந்தாம் மாடியிலிருந்து லிஃப்டில் இறங்குகிறவர் முகத்தோடு,
மென்றபடியே,
தண்ணீருக்குள் போகும்.

பாம்புத்தாரா மீனை மேலே வீசும்,
வாயைத் திறந்து காத்திருக்கும்,
மீன் பக்கத்தில் விழும்.
உடனே இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும்.
நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன்.
சொல்ல மாட்டேன், போ.

பருந்தின் வாலைப் பின்னாலிருந்து இழுக்கிற காக்கை
பருந்து திரும்பும்போது
வானத்தில் ஏதோ எழுதியிருப்பதைப் படிக்கும்.

நாற்பது நிமிடம் அசையாத மடையான்
பாய்ந்து பிடித்தது
ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டை.

இதில் ஒன்றும் உருப்படியாய் விழவில்லை.
தாழைக்கோழி, பச்சைக் குழம்பில் ஒரு நீலக் கறை.
பாம்புத்தாராவுக்கு மூன்று கழுத்து.
பக்கத்தில் முக்காலி போட்டு நிற்கும் சேலையூர் கிளாட்சன்,
ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்,
நூற்று எழுபது இனத்தை நோட்டில் வரவு வைத்தவர்,
சொல்வார்:
கை நடுங்குது உனக்கு. ஷட்டர் வேகத்தைக் கூட்டு.
நடுங்குவது கையில்லை சார், வயிறு.
அவர் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒரே ஒரு படம் கூர்மையாக வந்தது. நத்தைகுத்தி நாரை.
யாரோ ஸ்டூலில் உட்காரவைத்ததுபோல்
கழுத்து நிமிர்ந்து, தோள் இறங்கி,
எல்லாம் சரி,
வாய் மட்டும் மூடவில்லை.
அலகுகள் நுனியில் சேர்ந்துகொண்டன;
நடுவில் ஒரு சந்து,
அதன் வழியே அக்கரை அடுக்குமாடியின்
இரண்டு ஜன்னல்கள் தெரிந்தன.
அதைக் கடைக் கம்ப்யூட்டரில் முகப்பாக வைத்தேன்.

வியாழக்கிழமை ஜுலேகா பீவி வந்தார்.
ஷார்ஜாவில் மகளுக்குப் பிரசவம்,
அவசரப் பாஸ்போர்ட்.
முக்காட்டைச் சரிசெய்து உட்கார்ந்தார்.
வாயை, என்று ஆரம்பித்தேன்.
முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றன.
மூடினாலும் மூடாது தம்பி,
பொறந்ததுல இருந்தே இப்படித்தான்.
குடை விளக்கு முனகியது.
நான் கேமராவில் இல்லாத ஒரு பட்டனைத் தேடினேன்.

அப்போதுதான் அவர் திரும்பி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.
நான் மவுசை எட்டுவதற்குள்:
இது யாரு, என் தங்கச்சியா?
நாரைங்கம்மா. நத்தைகுத்தி.
அந்தச் சந்து எதுக்கு?
நத்தையப் பிடிக்கங்கம்மா, வழுக்காம.
ம். எனக்கு வெத்தலை பிடிக்க.

மூன்று எடுத்தேன்.
முதல் இரண்டும் எந்த ஆபீசும் திருப்ப முடியாத முகம்.
எட்டு காப்பி வெட்டி உறையில் போட்டேன்.
மூன்றாவது அசைந்துவிட்டது.
தோள் இரண்டும் எழும்பிப் பறக்க,
முக்காடு ஒரு வெள்ளைக் கோடாக,
பற்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.
அதை அழிக்கவில்லை.
'ஞாயிறு' என்கிற ஃபோல்டரில்
மூன்று கழுத்துப் பாம்புத்தாராவுக்குப் பக்கத்தில்
போட்டிருக்கிறேன்.

கிளாட்சன் பார்த்தால்
ஷட்டர் வேகம் என்பார்.